செடித் தொட்டி: மண்ணு, செடி, பாசி – எல்லாரும் கேக்குற கேள்விகள்

சென்னைல மீன் கடைங்க நிறைய இருக்குற கொளத்தூர் போயி ரெண்டடி மீன் தொட்டி, ஒரு லைட்டு, தண்ணிக்குள்ள வளர்ற செடி கொஞ்சம் வாங்கிட்டு வந்து வெச்சு, ஒரு மாசத்துல கண்ணாடி, கல்லு, இலை எல்லாத்துலயும் பாசி ஏறினதுக்கு அப்புறம்தான் நிறைய பேரு கேள்வியே கேக்க ஆரம்பிக்கிறாங்க. எல்லாரும் கேக்குறது "பாசிய எப்படிக் கொல்றது"ன்னு. நான் ஒவ்வொரு தடவையும் திருப்பிக் கேக்குறது "செடி வளருதா"ன்னு. நல்லா வளர்ற செடி நிறைய இருக்குற தொட்டில பாசி பெரிய பிரச்சினையாவே வராது, கீழ இருக்குற எல்லா பதிலுக்கும் அடியில இருக்குறது இதுதான்.

சப்ஸ்ட்ரேட்டுன்னா அடியில போடுற மணல்தானே, அதுக்கு ஏன் இவ்ளோ பேச்சு?

செடிக்கு வேர் பிடிக்க இடம் வேணும், அது எந்த மணல்லயும் கிடைச்சிரும். ஆனா சத்தைப் பிடிச்சு வெச்சு வேருக்குக் குடுக்குற வேலை வெறும் மணலால முடியாது. களிமண்ணுலயும் மட்கின இலைச்சத்துலயும் எதிர்மின் ஏற்றம் இருக்கு, அம்மோனியம், பொட்டாசியம், இரும்பு எல்லாம் நேர்மின் ஏற்றம், அதனால ஒட்டிக்கிட்டு நிக்கும், வேர் வேணுங்கிறப்ப எடுத்துக்கும். கிரிப்டோகோரைன், அமேசான் ஸ்வார்டு, வாலிஸ்னேரியா மாதிரி செடிங்க வேர்லதான் நல்லா சாப்பிடும், அதுங்களுக்கு அடிமண்ணு ரொம்ப முக்கியம். தண்டுச்செடிங்க இலை வழியாவும் தண்ணில இருந்து எடுத்துக்கும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ரெண்டுக்கும் மண்ணே வேண்டாம், கட்டையிலயோ கல்லுலயோ நூல் போட்டுக் கட்டுங்க, அதோட கிழங்குத் தண்டை மண்ணுல புதைச்சா அழுகிரும்.

ஆத்து மணல், எம் சாண்ட், கடல் மணல், கலர் கல்லு, இதுல எது போடலாம்?

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடி எடுத்து அதுமேல வினிகர் ஊத்திப் பாருங்க. நுரைச்சா சுண்ணாம்பு இருக்குன்னு அர்த்தம், தண்ணிய இன்னும் கடினமாக்கும் (சுண்ணாம்பு கரைஞ்சு ஏறும்), வேண்டாம். கடல் மணல்ல சிப்பித்தூள் இருக்கும், அதனால பெரும்பாலும் நுரைக்கும். ஆத்து மணல் நல்லா கழுவினா அருமையா இருக்கும். எம் சாண்ட் கல்லை உடைச்சு எடுக்குறது, தூசி அதிகம், தண்ணி தெளியுற வரைக்கும் கழுவணும், முனை கூர்மையா இருக்குறதால கோரிடோரஸ் மாதிரி மணலைக் கிளறித் திங்கிற மீன் இருந்தா தவிருங்க. குறுணை ஒண்ணுலருந்து மூணு மில்லிமீட்டர் வரை இருந்தா போதும். மாவு மாதிரி நைசா இருந்தா இறுகிப்போயி வேருக்கு ஆக்சிஜன் போகாது, ரொம்ப பெரிய கூழாங்கல்லா இருந்தா செடி நிக்கவே நிக்காது, இடுக்குல தீனி விழுந்து அழுகும். கலர் கல்லுல செடிக்கு ஒரு உபயோகமும் இல்ல.

அண்ணா, வீட்டுத் தோட்டத்து மண்ணையே அடியில போட்டு மேல மணல் போடலாம்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. டயானா வால்ஸ்டாட்னு ஒரு அமெரிக்கப் பெண்மணி பிரபலமாக்கின முறை அது, அவங்க பேர்லயே சொல்லுவாங்க. நம்ம ஊர்ல செலவு கம்மியா செடி வளர்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல. ரசாயன உரம், பூச்சி மருந்து படாத இடத்துல மண்ணு எடுங்க, சல்லடைல சலிச்சு குச்சி, வேர், கல்லு எல்லாம் எடுத்துட்டு, ஒரு பக்கெட்ல தண்ணி ஊத்திக் கலக்கி, மேல மிதக்குறத வடிச்சு, வெயில்ல காய வெச்சு, திரும்பவும் நனைச்சு காய வைங்க, இப்படி நாலஞ்சு முறை செஞ்சா மண்ணுல இருக்குற கரிமப்பொருள் நிறைய சிதைஞ்சிரும், தொட்டில போட்டப்புறம் அம்மோனியா (மீனுக்கு ஆகாது, பாசிக்குக் கொண்டாட்டம்) கம்மியா வரும். செம்மண்ணுல இரும்பு அதிகம், கொஞ்சம் கலந்துக்கலாம். கரிசல் மண்ணுல சுண்ணாம்புக் கட்டி இருக்க வாய்ப்பு அதிகம், வினிகர் டெஸ்ட் பண்ணாம போடாதீங்க. சாணி, ஆட்டுப் புழுக்கை, கோழி எரு வேண்டவே வேண்டாம். மண்புழு உரம் சேர்த்தே ஆகணும்னா ஒரு கைப்பிடி, அவ்ளோதான்.

மண்ணு ஒரு இஞ்ச் உயரம் போதும், மேல மணல் ஒரு இஞ்சுக்குக் கொஞ்சம் மேல. அதிகமா போட்டா சத்து அதிகம்னு நினைச்சு மூணு நாலு இஞ்ச் மண்ணைக் கொட்டுறாங்க, அடியில காத்தே இல்லாம போயி ஹைட்ரஜன் சல்பைடு வரும், அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், வேர் கறுத்துப் போகும். முதல் சில வாரம் அங்கங்க குமிழ் வர்றது சகஜம், ஒரு மெல்லிசான குச்சியால லேசா குத்தி விட்டா போதும். இந்த மாதிரித் தொட்டில செடிய அடிக்கடி பிடுங்கி இடம் மாத்தக் கூடாது, ஒவ்வொரு தடவையும் சேறு மேல வந்து தண்ணில கலக்கும், அப்புறம் பாசிக்குக் கொண்டாட்டம்.

அக்வா சாயில் அவ்ளோ விலை குடுத்து வாங்கணுமா?

ஜப்பான்ல செடித் தொட்டி அமைக்குறதுல பேர்போன தகாஷி அமானோ கொண்டுவந்த பாணியோட சேர்ந்து உலகம் பூரா பரவின பொருள் அது. மண்ணை உருண்டையாக்கி சூடு பண்ணிச் செய்றாங்க, சத்து இருக்கும், பிஹெச்சையும் (அமில கார அளவு) கார்பனேட் கடினத்தையும் (தண்ணில கரைஞ்ச கார்பனேட், பைகார்பனேட் அளவு, கேஹெச்னு சொல்லுவாங்க) இறக்கும், வேர் சூப்பரா இறங்கும். நல்ல பொருள்தான். ஆனா உங்க வீட்டுல 800, 1000 டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்குற உப்பு அளவு) போர் தண்ணி வந்தா, அந்த இறக்குற சக்தி சீக்கிரமே தீர்ந்து போயிரும், குடுத்த காசுக்கு பாதிப் பலன்கூட வராது. ஆர்ஓ தண்ணி கலந்து ஊத்துறவங்களுக்கும் மென்மையான தண்ணி கிடைக்குற ஊர்க்காரங்களுக்கும்தான் அது லாயக்கு. இன்னொண்ணு, நிறைய அக்வா சாயில் முதல் சில வாரம் அம்மோனியா விடும், அந்த நேரம் மீன் விடாதீங்க, முதல் வாரம் தினமும் பாதித் தண்ணி மாத்துங்க. இதைச் செய்யாம விட்டவங்க தொட்டிலதான் ஆரம்பத்துலயே பாசி வெடிக்குது.

ஏற்கனவே வெறும் மணல் போட்டு மீனும் விட்டாச்சு, கலைக்க முடியாது. என்ன பண்ண?

கலைக்க வேண்டாம். வேர்ல சாப்பிடுற செடிக்குப் பக்கத்துல ரூட் டேப்லெட் (வேருக்குக் குடுக்குற உர மாத்திரை) அழுத்தி வைங்க, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா. மீன் கழிவு மணலுக்குள்ள இறங்கி இறங்கி ஒரு வருஷத்துல அந்த மணலே கொஞ்சம் சத்துள்ளதா ஆயிரும்.

எந்தச் செடில ஆரம்பிச்சா தோக்காம இருக்கலாம்?

நம்ம சூட்டுக்கும் கடினத் தண்ணிக்கும் தாங்குற செடில ஆரம்பிங்க, அதுல பாதி நம்ம மண்ணோட செடிங்கதான். ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா இந்தியாவுல தானா வளர்றது, அத்தனை வேகமா வளரும். நீர்பிரம்மின்னு சொல்ற பகோபா மொன்னியேரி, வயல் ஓரத்துல கிடைக்குறது, தொட்டில மெதுவா ஆனா உறுதியா வரும். வாலிஸ்னேரியா கடினத் தண்ணியில இருக்குற பைகார்பனேட்டையே கார்பனா எடுத்துக்கும், அதனால போர் தண்ணிக்கு இதைவிட பொருத்தமான செடி இல்ல, ஹைட்ரில்லாவும் அப்படித்தான். இலங்கையோட கிரிப்டோகோரைன் வென்டியை ஒரு இடத்துல நட்டுட்டு மறந்துட்டா போதும். ரோட்டாலா ரோட்டண்டிஃபோலியாவும் ஈஸி. ரோட்டாலா மேக்ராண்ட்ரா இந்தியச் செடிதான், சிவப்பா அவ்ளோ அழகா இருக்கும், ஆனா அதுக்கு மென்மையான தண்ணியும் சிஓடூவும் (தண்ணில விடுற கார்பன் டை ஆக்சைடு வாயு) வேணும், முதல் தொட்டில முயற்சி பண்ணாதீங்க.

எந்தச் செடிங்கிறதவிட எவ்ளோ செடிங்கிறது முக்கியம். மூணு கொத்து நட்டுட்டு "வளரட்டும் பாக்கலாம்"னு விடுறதுதான் பாசிக்கு அழைப்பு. முதல் நாளே தரையில முக்கால்வாசி மறையுற அளவுக்கு நடுங்க, விலை கம்மியான வேகமான தண்டுச்செடியா இருந்தாலும் பரவால்ல, தொட்டி நிலைச்சப்புறம் அதை எடுத்துட்டு பிடிச்சத நட்டுக்கலாம். மேல கொஞ்சம் மிதக்குற செடியும் விடுங்க, அதுங்களுக்கு காத்துல இருந்தே கார்பன் கிடைக்குறதால தண்ணில இருக்குற அம்மோனியாவ வேகமா உறிஞ்சும்.

வாங்கி நட்ட ரெண்டு வாரத்துல இலையெல்லாம் கண்ணாடி மாதிரி கரையுதே, செத்துருச்சா?

பெரும்பாலும் சாகல. பண்ணையில செடிய தண்ணிக்கு வெளிய, ஈரக்காத்துல வளர்க்குறாங்க, அந்த இலை தண்ணிக்குள்ள வாழுறதுக்கு ஏத்தது இல்ல, அது உதிர்ந்து புது இலை வரணும். கிரிப்டோகோரைன் இடம் மாத்தினாலே, தண்ணி மாறினாலே மொத்தமா உருகும், வேர் உயிரோட இருக்கும், பிடுங்கிப் போட்றாதீங்க. உருகுற இலைய மட்டும் தினமும் கத்திரிச்சு வெளிய எடுங்க, அது தொட்டில அழுகினா அம்மோனியா.

லைட் எவ்ளோ நேரம், எவ்ளோ வெளிச்சம்?

பாசிப் பிரச்சினைல பத்துல எட்டு இங்கதான் ஆரம்பிக்குது, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். வெளிச்சம்ங்கிறது வண்டியோட ஆக்சிலேட்டர் மாதிரி, அதை அமுக்க அமுக்க செடிக்கு கார்பனும் நைட்ரஜனும் பாஸ்பேட்டும் இரும்பும் அதிகமா வேணும், அதுல ஏதாவது ஒண்ணு பத்தலன்னா செடி நின்னுரும், மிச்ச வெளிச்சம் பாசிக்குப் போகும். அதனால சிஓடூ இல்லாத தொட்டிக்கு பவர்ஃபுல் லைட்டு வாங்குறது செடிக்கு செய்ற நல்லது இல்ல. லிட்டருக்கு 20 லூமென் (லைட்டோட வெளிச்ச அளவு) பக்கம் இருந்தா எளிய செடிங்க வளரும், சிஓடூ இருந்தா 40 வரைக்கும் போகலாம். வாட் கணக்கு பழைய டியூப்லைட் காலத்துது, எல்இடிக்கு அது ஒத்து வராது. டைமர் கண்டிப்பா போடுங்க. புதுத் தொட்டிக்கு 6 மணி நேரம், ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சு எல்லாம் நல்லா போனா 8, அதுக்கு மேல தேவையே இல்ல. நீங்க ஆபீஸ் விட்டு வந்து பாக்கணும்னா சாயங்காலம் 4 மணிக்கு ஆன் ஆகுற மாதிரி வைங்க, செடிக்கு அது ஒரு விஷயமே இல்ல. ஜன்னல் வெயில் நேரா விழுற இடத்துல தொட்டிய வைக்காதீங்க, டைமரால அந்த வெயில கட்டுப்படுத்த முடியாது.

சிஓடூ இல்லாம முடியாதா?

முடியும், மேல சொன்ன செடிங்களோட. ஆனா அது ஏன் அவ்ளோ வித்தியாசம் காட்டுதுன்னு தெரிஞ்சுக்கோங்க: காத்தோட சமநிலைல இருக்குற தண்ணில லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவுதான் கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சிருக்கும், அதுவும் காத்துல நகர்றதவிட தண்ணில பத்தாயிரம் மடங்கு மெதுவாத்தான் நகரும், அதனால செடி எப்பவும் கார்பனுக்கு ஏங்கிட்டே இருக்கும். நாம சிஓடூ விடுறப்ப 30 பிபிஎம் (லிட்டருக்கு 30 மில்லிகிராம்) பக்கம் கொண்டு போறோம். ஈஸ்ட்டும் சர்க்கரையும் போட்ட பாட்டில் சின்னத் தொட்டிக்கு ஓகே, ஆனா அளவு ஏறி ஏறி இறங்கும். சிட்ரிக் ஆசிடும் சோடா உப்பும் போடுற கிட் அதைவிட நிலையா இருக்கும். பெரிய தொட்டின்னா சிலிண்டர், ரெகுலேட்டர், சோலினாய்டு (கரண்ட்ல திறந்து மூடுற வால்வு).

லைட் ஆன் ஆகுறதுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடி சிஓடூவ ஆன் பண்ணுங்க, லைட்டோட ஆஃப் பண்ணிருங்க. டிராப் செக்கர்ல (சிஓடூ அளவ கலர்ல காட்டுற சின்னக் கண்ணாடிக் குமிழ்) 4 டிகிரி கேஹெச் தண்ணி ஊத்துங்க, தொட்டித் தண்ணிய ஊத்தினா அது காட்டுற கலருக்கு அர்த்தமே இல்ல. நீலமா இருந்தா கம்மி, இளம்பச்சை சரி, மஞ்சள்னா மீனுக்கு ஆபத்து. அது ஒண்ணு ரெண்டு மணி நேரம் தாமதமாத்தான் காட்டும், அதனால மீனையும் பாருங்க, மேல வந்து வாயப் பிளந்துச்சுன்னா உடனே நிறுத்திட்டு ஏர் பம்ப் போடுங்க. சிஓடூவ ஒரு நாள் போட்டு ஒரு நாள் நிறுத்தாதீங்க, கருந்தாடிப் பாசிக்கு அந்த ஏத்த இறக்கம்தான் பிடிக்கும்.

உரம் போட்டா பாசி வரும்னு கடைக்காரர் சொல்றாரே?

ரொம்ப நாளா அப்படித்தான் எல்லாரும் நம்பினாங்க. 1990கள்ல பால் சியர்ஸ், கெவின் கான்லின்னு செடித் தொட்டி வெச்சிருந்த ரெண்டு பேரும் பாஸ்பேட்ட மட்டும் பத்தாக்குறையா வெச்சு மத்த சத்தைக் குடுத்தா பாசி அடங்கும்னு சொன்னாங்க, அதுக்கப்புறம் டாம் பார்னு இன்னொரு செடித் தொட்டிக்காரர், செடி நல்லா இருக்குற தொட்டில பாஸ்பேட், நைட்ரேட் ரெண்டையும் தாராளமா போட்டாலும் பாசி வரலன்னு காட்டினார். அம்மோனியா வேற கதை, அதுவும் யூரியாவும் தண்ணில ஏறினா பாசிக்கு விசில் அடிச்சுக் கூப்பிடுற மாதிரி.

அதனால இத நல்லா கவனிங்க. நம்ம ஊர் உரக்கடைல 13:0:45 (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் அளவுகள் இந்த வரிசைல) கிடைக்கும், அது பொட்டாசியம் நைட்ரேட். 0:52:34 மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். 0:0:50 பொட்டாசியம் சல்பேட். இந்த மூணும் செடித் தொட்டிக்கு ஆகும், ஒரு கிலோ வாங்கினா வருஷக்கணக்கா வரும். 19:19:19 மட்டும் தொடாதீங்க, அதுல யூரியா, அம்மோனியம் ரெண்டும் இருக்கு, டிஏபியும் கூடாது, மீன் செத்துரும்.

கணக்கு சுலபம். 100 லிட்டர் தண்ணில 1 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கரைச்சா நைட்ரேட் 6 பிபிஎம் ஏறும். 1 கிராம் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் போட்டா பாஸ்பேட் 7 பிபிஎம், அது ரொம்ப அதிகம், கால் கிராமுக்குள்ள நிறுத்திக்கோங்க. மீன் நிறைய இருக்குற, சிஓடூ இல்லாத தொட்டிக்கு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மீன் தீனிலயே கிடைச்சிரும், பொட்டாசியமும் நுண்சத்தும் மட்டும் போட்டா போதும்.

இலையப் பாத்து என்ன குறைன்னு சொல்ல முடியுமா?

ஓரளவு. பழைய இலை மஞ்சளாகி உதிர்ந்தா நைட்ரஜன். பழைய இலைல குண்டூசி ஓட்டை விழுந்து பெருசானா பொட்டாசியம். புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா நின்னா இரும்பு. நம்ம போர் தண்ணி பிஹெச் 7க்கு மேல இருக்குறதால சாதா ஈடிடிஏங்கிற பொருளோட பிணைச்ச இரும்பு சீக்கிரம் உடைஞ்சு செடிக்குக் கிடைக்காம போயிரும், டிடிபிஏவோட பிணைச்ச இரும்பா கேட்டு வாங்குங்க.

எனக்கு வந்துருக்குற பாசி என்னன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

புதுத் தொட்டில பழுப்புத்தூள் மாதிரி படிஞ்சு விரல் வெச்சா வந்துருதா, டயாட்டம், துடைச்சிட்டே வாங்க, சில வாரத்துல தானா போகும். கண்ணாடில வட்ட வட்டமா கெட்டியா பச்சைப் புள்ளியா, பிளேடு வெச்சு சுரண்டினாத்தான் வருதா, லைட் அதிகம், பாஸ்பேட் கம்மி. தண்ணியே பச்சையா மாறிருச்சுன்னா ஒரு செல் பாசி மிதக்குது, தண்ணி மாத்தி மாத்தி அதை ஜெயிக்க முடியாது, யூவி ஃபில்டர் போட்டா சில நாள்ல கண்ணாடி மாதிரி தெளிஞ்சிரும். நூல் நூலா பச்சையா இருந்தா பழைய டூத் பிரஷ்ஷ விட்டு சுத்தி சுத்தி எடுங்க, லைட்ட குறைங்க.

கருப்பா, குட்டித் தாடி மாதிரி இலை ஓரத்துலயும் ஃபில்டர் வாயிலயும் ஒட்டிக்கிட்டு இழுத்தாலும் வரலன்னா அது கருந்தாடி. பாக்க கருப்பு, ஆனா சிவப்புப் பாசி இனம், ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டா சிவந்து போறதுல அது தெரியும். சிஓடூ ஏத்த இறக்கம், அழுக்கு ஃபில்டர், அதிகத் தீனி, இந்த மூணையும் சரி பண்ணாம எந்த மருந்து போட்டாலும் திரும்பி வரும்.

நீலப்பச்சையா ஏடு மாதிரி மணல் மேல படர்ந்து, ஒரு மாதிரி நாத்தம் அடிச்சா அது உண்மைல பாசியே இல்ல, சயனோபாக்டீரியா. ஏட்ட உறிஞ்சி எடுத்துட்டு, தொட்டிய போர்வை போட்டு மூணு நாலு நாள் முழு இருட்டா வைங்க, ஏர் பம்ப் ஓடட்டும், தீனி வேண்டாம், முடிஞ்சதும் பாதித் தண்ணி மாத்துங்க, தண்ணி ஓட்டத்த கூட்டுங்க, நைட்ரேட் பூஜ்யமா இருந்தா கொஞ்சம் போடுங்க. சிலர் மெடிக்கல்ல எரித்ரோமைசின் வாங்கிப் போடுறாங்க, ஆன்டிபயாட்டிக்க இப்படித் தண்ணில கொட்டி சாக்கடைல விடுறது எனக்குச் சம்மதமில்ல, இருட்டே வேலை செய்யும்.

பெராக்சைடு எவ்ளோ போடலாம்?

நம்ம மெடிக்கல்ல கிடைக்குறது பெரும்பாலும் 6 சதவீதம், நெட்ல சொல்ற அளவெல்லாம் 3 சதவீதத்துக்கு, அதனால சம அளவு தண்ணி கலந்துக்கோங்க. அந்த 3 சதவீதத்துல 10 லிட்டருக்கு 2 மில்லிக்கு மேல போகாதீங்க. ஃபில்டர நிறுத்திட்டு சிரிஞ்சுல எடுத்து கருந்தாடி மேல நேரா மெதுவா விடுங்க, பத்து நிமிஷம் கழிச்சு ஃபில்டர போடுங்க. மாஸ் (moss) செடியும் இறாலும் இருந்தா இன்னும் குறைங்க. லிக்விட் கார்பன்னு விக்கிறது குளூட்டரால்டிஹைடு வகை, வாலிஸ்னேரியாவ உருக்கிரும், ஆவி கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கெடுதல். ஆஸ்பத்திரி கிருமிநாசினிய வாங்கி ஊத்துற வேலைலாம் வேண்டாம்.

பாசி திங்கிற மீன் விட்டா போதாதா?

துணைக்கு விடலாம். கடைல "ஆல்கே ஈட்டர்"னு தங்கக் கலர்ல குடுக்குறது சைனீஸ் ஆல்கே ஈட்டர், பெருசானா மத்த மீன் உடம்புல ஒட்டி உறிஞ்சும். சயாமீஸ் ஆல்கே ஈட்டர்தான் கருந்தாடிய திங்கும், அதோட கருப்புக் கோடு வால் நுனி வரைக்கும் போகும், அதப் பாத்து வாங்குங்க. சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல வளரும், செடியப் பிடுங்கும், ரெண்டடி தொட்டிக்கு ஆகவே ஆகாது. அமானோ இறால், நெரைட் நத்தை ரெண்டும் அருமை, நெரைட் நன்னீர்ல குஞ்சு பொரிக்காது, அதனால பெருகுற பயமில்ல.

சென்னை வெயில்ல ஏப்ரல், மே மாசம் என்ன பண்றது? தண்ணி மாத்துறதுல ஏதாவது கவனிக்கணுமா?

தண்ணி 32 தாண்டினா ஆக்சிஜன், சிஓடூ ரெண்டுமே கம்மியாத்தான் கரையும், செடி சுவாசத்துலயே சத்த செலவழிக்கும், பாசி ஏறும். தண்ணி மேல காத்து படுற மாதிரி சின்ன ஃபேன் வெச்சா 2, 3 டிகிரி இறங்கும், காத்துல ஈரம் அதிகமான நாள்ல அதைவிட கம்மி. ஃபேன் வெச்சா தண்ணி வேகமா வத்தும், வத்தினதுக்கு ஆர்ஓ தண்ணி ஊத்துங்க, போர் தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்தா உப்பு சேர்ந்துக்கிட்டே போகும். வெயில் மாசத்துல லைட்ட ஒரு மணி நேரம் குறைச்சிருங்க, தீனியும் குறைங்க.

வாரத்துக்கு மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்துங்க, தாராளமா உரம் போடுறவங்க பாதி. மெட்ரோ தண்ணின்னா குளோரின் இருக்கும், ஆன்டி குளோரின் போட்டுட்டு ஊத்துங்க. ஃபில்டர் ஸ்பாஞ்ச தொட்டில இருந்து எடுத்த தண்ணிலயே அலசுங்க, குழாய்ல கழுவினா நல்ல பாக்டீரியா செத்து அம்மோனியா ஏறும்.

கத்திரிச்ச செடிய என்ன பண்றது?

நுனி நல்லா இருந்தா திரும்ப நடுங்க, கீழ் பாதிய பிடுங்கிருங்க. மிச்சத்த நண்பர்களுக்குக் குடுங்க, இல்லன்னா வெயில்ல காய வெச்சு பூந்தொட்டில போடுங்க. ஏரி, குளம், கால்வாய் எதுலயும் போட்றாதீங்க. சக்கர் மீன் இப்படி வீட்டுத் தொட்டில இருந்து போயித்தான் நம்ம நீர்நிலைங்கள்ல இன்னைக்கு வலை வலையா மாட்டுது. கபோம்பாங்கிற நீர்ச்செடியும் மிதக்குற சால்வினியாவும் ஒரு துண்டு போனாலே போதும், குளத்த மூடிரும்.